வெல்டர்ஹோக்குக்கு ஒரு கனடாக்காரி

மார்லிஸ் ட்வெட்டின் முதுகுப்பையில் ஒரு கனடாக் கொடி தைத்திருந்தது. உள்ளங்கை அகலக் கொடி. பொய்யும் முதலில் அந்த அகலம்தான் இருந்தது.

அவள் கனடாக்காரி அல்ல. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்ற ஊர்க்காரி. அங்கே பனிச்சறுக்கு அரங்கத்தில் சறுக்குக் காலணிகளின் அடிக்கத்திக்குச் சாணை பிடிக்கும் வேலை. வயது இருபத்து நான்கு. தனியாகப் பயணம் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அவள் துணையில்லாமல் போன அதிகபட்ச தூரம் பல் டாக்டர் வீடு. கொடியைத் தைத்துக் கொடுத்தவள் பெரியம்மா மகள் ஆர்டெல். அவள் போன வருடம், அதாவது 1984-இல், ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்து அந்தக் கண்டத்துக்கே அதிகாரியானவள்.

“இத பாருடி, அங்க அமெரிக்கான்னு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. கனடான்னு சொல்லிப் பாரு, உக்கார வெச்சு சாப்பாடு போடுவாங்க.”

ஆம்ஸ்டர்டாமில் மார்லிஸ் தங்கிய விடுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு கட்டில்கள். அவற்றில் ஒன்பது கட்டில்களின் அடியில் கிடந்த பைகளில் அதே சிவப்பு இலை. அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் கனடாவின் பிரதமர் பெயர் தெரியவில்லை. மிச்சம் மூன்று பேரில் ஒரு ஜப்பானியருக்குத் தெரிந்திருந்தது.

முப்பது நாள் ரயில் பாஸ். பதினேழு நாடுகள். எந்த நாள் எந்த ரயில் என்று எழுதிய தாளை அவள் மேல்கோட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். ஒன்பதாம் நாளுக்குள் ஆறு நாடுகள் முடிந்துவிட்டன. முடிந்தன என்றால், ரயில் நிலையத்தைப் பார்த்தாள், ஓர் அஞ்சலட்டை வாங்கினாள், அடுத்த ரயிலைப் பிடித்தாள். லக்சம்பர்க் நாட்டை ஐம்பது நிமிடத்தில் முடித்தாள். அதில் இருபது நிமிடம் கழிப்பறை வரிசையில் போனது.

அவளைக் குறை சொல்ல முடியாது. வந்து இறங்கிய முதல் நாள் மத்தியானம் ஒரு பூங்காவில், ஒரு பெஞ்சில், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தின் கடைசியில் திரும்பிப் போகும் விமானச் சீட்டு அவள் கையில் இருந்தது, கண்ணீர் தாடையில் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள்: ஆபத்து பெஞ்சில்தான் இருக்கிறது. உட்காராமல் ஓடிக்கொண்டே இருந்தால் முப்பது நாளையும் தாண்டிவிடலாம். ரயில் எதுவும் தவறிவிடக் கூடாது என்று கைக்கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஜெர்மனி பக்கம் போகிற ரயிலில் ஏறினாள். எதிரே தாடி வைத்த ஒருவன். அவன் பையிலும் ஒரு கொடி. ஆனால் நீலம், நடுவில் வெள்ளைச் சிலுவை, நான்கு மூலையிலும் அல்லிப் பூ.

“கனடாவா?” என்றான்.

“ஆமா.”

“எந்த ஊரு?”

“டொராண்டோ.”

“டொராண்டோல எங்க?”

“நடுவுல.”

“நடுவுலன்னா?”

“ஒரு பக்கமா உள்ள போனா இன்னொரு பக்கமா வெளிய வருவோம்ல, அதுக்கு முன்னாடி.”

அவன் தாடியைச் சொறிந்தான். “என் பேரு ரேஜான். நான் கனடாக்காரன் இல்ல. கெபெக்.”

“பிரெஞ்சு பேசுற மாநிலம்தான, கெபெக்? அது கனடாவுலதான இருக்கு?”

“அது வரைபடம் போட்டவன் பண்ணின தப்பு. உண்மையான கனடாக்காரியா இருந்தா இந்நேரம் என்கூட சண்டைக்கு வந்திருப்பே. நீ தலைய ஆட்டுற. எந்த ஊரும்மா நீ, நெசமா?”

மார்லிஸ் எழுந்தாள். பையை மாட்டினாள். “கால் மரத்துப் போச்சு” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ரயில் ஓடினாலும் அதற்குள் தானும் நடந்தால்தான் அவளுக்குத் திருப்தி. பெட்டி பெட்டியாகப் பின்பக்கமே நடந்து கடைசிப் பெட்டி வரை போய்விட்டாள். வழியில் ஒரு சந்திப்பில் ரயில் ஏழு நிமிடம் நின்றது. முன்பாதி ஜெர்மனிக்கு, பின்பாதி வெல்டர்ஹோக்குக்கு என்று ஒலிபெருக்கி நான்கு மொழிகளில் அறிவித்தது. நான்கு மொழிகளும் முடிகிற வரை மார்லிஸ் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் தடதடக்கும் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ரேஜான் தன் பையோடு வந்து நின்றான். கையில் அவளுடைய பயண வழிகாட்டிப் புத்தகம்.

“சீட்டுல விட்டுட்டு வந்துட்ட. குடுக்கலாம்னு பின்னாலயே வந்தேன். நல்ல காரியம் பண்ணப் போனேன் பாரு. நம்ம ரயிலோட தல ஜெர்மனிக்குப் போயிருச்சு. நாம வாலுல நிக்கிறோம்.”

வெல்டர்ஹோக் கடைசி நிலையம். தண்டவாளம் ஒரு புல்வெளியைப் பார்த்ததும் மனம் மாறினதுபோல அங்கே முடிந்துவிடுகிறது. நிலையக் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. திரும்பிப் போக அடுத்த ரயில் மூன்று ஐம்பத்திரண்டுக்கு. மூன்று மணி நேரம் ஓர் இடத்தில்! மார்லிசுக்கு உள்ளங்கால் அரித்தது.

நடைமேடையில் குடையும் தோளில் ஆரஞ்சு நிறப் பட்டையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். இறங்குகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவில்லை, முதுகைப் பார்த்தார். மார்லிசின் முதுகைப் பார்த்ததும் குடையைக் கீழே போட்டார்.

“வந்துட்டியா கண்ணு!” என்று ஓடிவந்து கட்டிக்கொண்டார். “கனடா வந்தாச்சு! ஊதுங்கப்பா!”

நிலையத்துக்கு வெளியே மழைக்கு ஒதுங்கியிருந்த பதினான்கு பேர் பித்தளை வாத்தியங்களை எடுத்து ஊதினார்கள்.

அம்மாளின் பெயர் தீனெகே புயர்ஸ்மா. ரொட்டிக்கடைக்காரி, விழாக் குழுத் தலைவி. காலையிலிருந்து வந்த நான்கு ரயில்களுக்கும் வந்து காத்திருந்து, கிடைத்தவர்களை எல்லாம் புரட்டிப் பார்த்தவர். மார்லிசின் கையை விடாமல் இழுத்துக்கொண்டே நடந்தார். மார்லிசும் வழக்கத்துக்கு மாறாக யாருடைய வேகத்துக்கோ ஓட வேண்டியிருந்தது.

“அதோ பாரு, நம்ம சர்ச் கடிகாரம். பத்து பத்துல நிக்குதா? நாப்பது வருசம் முன்னாடி, இதே தேதி, குண்டு விழுந்த அதிர்ச்சில அந்த நேரத்துல நின்னுச்சு. ஜெர்மன்காரன் ஓடினான், உங்காளுங்க வந்தாங்க. ஒரு கார்ப்ரல் கோபுரத்துல ஏறி, தன் கைக்கடிகாரத்தப் பாத்து முள்ளத் திருப்பி, பெண்டுலத்தத் தள்ளி விட்டாரு. அன்னிலேருந்து வருசா வருசம் இந்த நாள்ல பத்து பத்துக்கு நிறுத்திருவோம். ஒரு கனடாக்காரர் வந்து தள்ளினாதான் மறுபடி ஓடும். வேற யாரும் தொடக் கூடாது.”

“யாரும் வரலேன்னா?”

“எழுபத்து மூணுல வரல. பதினோரு நாள் நேரமே இல்லாம கெடந்தோம். ரெண்டு கல்யாணம் தள்ளிப் போச்சு. மாடுங்க தானா வந்து கறவைக்கு நின்னுச்சு, அதுங்களுக்காவது புத்தி இருந்துச்சே. இந்த வருசம் கனடாவுலேருந்து வர வேண்டிய பெரியவர் வீட்டு வாசல் பனில வழுக்கி இடுப்ப ஒடிச்சுக்கிட்டாரு. கடவுளாப் பாத்து உன்ன அனுப்பினாரு.”

மார்லிஸ் ரேஜானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டு வந்தான். மூடிய வாய்க்குள் ஒரு சிரிப்பு கன்னம் கன்னமாக இடம் மாறிக்கொண்டிருந்தது.

“இந்தத் தம்பி யாரு? கனடாவா?” என்றார் புயர்ஸ்மா அம்மாள்.

“இல்லம்மா, கெபெக்” என்றான்.

“பரவால்ல, நீயும் வந்து சாப்பிடு” என்றார், ஏதோ தூரதேசத்து அகதிக்குச் சொல்வதுபோல.

தேவாலயக் கூடத்தில் ஆர்டெல் சொன்னது ஒரு சொல் பிசகாமல் நடந்தது. உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். கரண்டியை நட்டால் நிற்கிற கெட்டியான பட்டாணி சூப். சாக்லேட் தூள் தூவிய ரொட்டி. வெங்காயத்தோடு பச்சை ஹெர்ரிங் மீன். அதை வாலைப் பிடித்துத் தூக்கி அண்ணாந்து விழுங்க வேண்டும், ஊரே நின்று பார்க்கும். அவள் விழுங்கினாள். ஊர் கைதட்டியது.

கேள்விகள் வந்தன. அங்கே குளிர் எப்படி? மூக்குச் சளி உறையும் என்றாள். கரடி வருமா? குப்பைத் தொட்டி வரைக்கும் வரும் என்றாள். ஏரி மேல் லாரி ஓட்டுவார்களாமே? எங்கப்பா வாரம் ரெண்டு தடவை ஓட்டுவார், ஒரு தடவை உள்ளே போய்விட்டது என்றாள். எல்லாம் பெமிட்ஜியில் நடக்கிற விஷயம். பதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கேள்விதான் வேறு நாட்டைப் பற்றியது.

அப்போதுதான் புயர்ஸ்மா அம்மாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தோல் அட்டை போட்ட தடிப் புத்தகம்.

“கடிகாரத்த ஓட்டிட்டு வந்ததும் இதுல பேரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடணும் கண்ணு. நாப்பது வருசமா இருக்கு.”

முதல் பக்கத்தைத் திருப்பினார். பதினோரு பெயர்கள், மசியில், அழகான பள்ளிக்கூட எழுத்தில். பெயருக்குப் பக்கத்தில் வயது. பத்தொன்பது. இருபத்து மூன்று. இருபது. மறுபடி பத்தொன்பது.

“இந்த ஊருக்கு வர்ற வழில விழுந்தவங்க. பால்பண்ணைக்குப் பின்னால படுத்திருக்காங்க. இவங்க பேருக்குக் கீழதான் நீ எழுதப் போற. அதுக்காகத்தான் கனடாக்காரங்க மட்டும்னு வெச்சிருக்கோம்.”

மார்லிசின் தொண்டையில் ஹெர்ரிங் மீன் மறுபடி உயிர்பெற்று நீந்தியது. விடுதியில் சொல்லும் பொய் வேறு, ரயிலில் சொல்லும் பொய் வேறு. அதை இந்தப் பதினோரு பேருக்குக் கீழே மசியால் எழுதுவதா? டொராண்டோ, நடுவுல?

கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. அதாவது இரண்டு முப்பது. மூன்று ஐம்பத்திரண்டு ரயிலைப் பிடித்துவிட்டால் இந்த ஊரை வாழ்நாளில் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன்னால் ஓடிவிட வேண்டும். ஓடுவது அவளுக்குப் புதிதல்ல. மேசைக்கு அடியில் இரண்டு கால்களும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

“மூஞ்சி பச்சையாயிருச்சே” என்று ரேஜான் காதருகே வந்தான். “மீனா, மனசாட்சியா?”

“நீ போய்த் தள்ளு, ரேஜான். உன் பாஸ்போர்ட்டுல கனடான்னுதான போட்டிருக்கு?”

“போட்டிருக்கு. நான் ஒத்துக்கல. அஞ்சு வருசம் முன்னாடி கெபெக் தனியாப் பிரிஞ்சு போறதுக்கு ஓட்டெல்லாம் போட்டிருக்கேன். இப்ப வந்து ஓசி சூப்புக்காக கனடாக்காரன் ஆனேன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல சேக்க மாட்டாரு.”

“மூணு தட்டு குடிச்சியே!”

“கெபெக்காரனாக் குடிச்சேன்.”

ஆக, அந்தக் கூடத்தில் உண்மையான கனடாக்காரன் ஒருவன் இருந்தான், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள், அவள் கனடாக்காரி இல்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் கோபுரத்தின் கீழே கூடினார்கள். அறுநூறு பேர் இருக்கும். தூறல். வாத்தியக்காரர்கள் கனடா நாட்டின் தேசிய கீதத்தை எடுத்தார்கள். அறுநூறு முகங்களும் மார்லிசின் வாயைப் பார்த்தன.

மெட்டு அவளுக்குத் தெரியும். எல்லை தாண்டி வரும் ஹாக்கி அணிகளுக்காக பெமிட்ஜி அரங்கத்தில் அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரமெல்லாம் அவள் சாணைக் கல்லோடு நின்றவள். மெட்டு தெரியும், நடுவில் சாணை கிறீச்சிடும் இடங்கள்கூடத் தெரியும், வார்த்தை தெரியாது. முதல் வரிக்கு வாயை அசைத்தாள். இரண்டாவது வரிக்கு இருமினாள். மூன்றாவது வரியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் காதுக்குக் கையைக் குவித்துக்கொண்டு அருகே வந்தார்.

அப்போது பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. ரேஜான். கண்ணை மூடிக்கொண்டு, தாடியை வானத்துக்கு உயர்த்தி, பிரெஞ்சில், வாத்தியங்களை அமுக்கிவிடும் சத்தத்தில் பாடினான். பெரியவர் பயந்து பின்வாங்கினார். கடைசி வரை பாடி முடித்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான்:

“அந்தப் பாட்ட முதல்ல எழுதினதே எங்காளுங்கதான். அதனாலதான் பாடினேன். வேற அர்த்தம் எடுத்துக்காத.”

“தேங்க்ஸ்” என்றாள்.

“வேற அர்த்தம் எடுத்துக்காதன்னேன்ல.”

கோபுரத்துக்கு மேலே அவளை அழைத்துப் போனவர் கோயில்பிள்ளை ஹார்மென். மணி அடிப்பதும் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் அவர் வேலை. அறுபதைத் தொடும் வயது. தொண்ணூற்று நான்கு படிகள். மார்லிஸ் இரண்டிரண்டாகத் தாவினாள். ஹார்மென் ஒவ்வொரு படியோடும் பழக்கம் விசாரிப்பதுபோல ஏறினார்.

“ஐயா, கொஞ்சம் சீக்கிரம் வாங்களேன்.”

“எதுக்கு? நேரம்தான் நிக்குதே.”

மேலே தூசி, புறா, எண்ணெய் வாசனை. ஓர் ஆள் உயரத்துக்குப் பெண்டுலம் ஆடாமல் தொங்கியது. கைப்பிடிச் சக்கரம் ஒன்றைக் காட்டி ஹார்மென் சொன்னார்:

“இதத் திருப்பினா வெளிய முள்ளு நகரும். உன் கைக்கடிகாரம் என்ன சொல்லுதோ அதுதான் கணக்கு. கனடாக்காரங்க கொண்டு வர்ற நேரம் அடுத்த வருசம் வரைக்கும் ஊருக்குச் சட்டம். எழுபத்து ஒம்பதுல ஒரு பையன் வந்தான். டொராண்டோ நேரத்த மாத்தாமயே வெச்சிருந்திருக்கான்.”

“ஐயோ. அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஆறு மணி நேரம் பின்னால போனோம். அந்த வருசம் பூரா புள்ளைங்க மத்தியானம் ரெண்டு மணிக்குக் காலைப் பள்ளிக்கூடம் போச்சுங்க. பாதிரியார் காலை ஜெபத்தச் சாயங்காலத்துக்குப் பக்கத்துல வெச்சாரு, கூட்டம் நல்லா வந்துச்சு. கோழிங்க மட்டும் ஒத்து வரல.”

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

மார்லிஸ் சக்கரத்தில் கை வைத்தாள். எடுத்தாள். ஜன்னல் துவாரத்தில் எட்டிப் பார்த்தாள். கீழே அறுநூறு குடைகள். அவற்றுக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை. பால்பண்ணைக்குப் பின்னால் வெள்ளையாக, வரிசையாக, ஏதோ தெரிந்தது. எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“ஐயா. நான் கனடாக்காரி இல்ல.”

ஹார்மென் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகினார்.

“மினசோட்டா. அமெரிக்கா. கொடி சும்மா ஒட்டினது. மரியாதையா நடத்துவாங்கன்னு அக்கா தெச்சுக் குடுத்தா. அந்தப் புத்தகத்துல என்னால எழுத முடியாது. கீழ போய்ச் சொல்லிருங்க. நான் பின்பக்கமா எறங்கி ரயிலுக்கு ஓடிர்றேன்.”

“மினசோட்டா” என்றார் ஹார்மென். “போன வருசம் ஓரிகன். அதுக்கு முந்தின வருசம் டெக்சஸ். அவன் போட்டிருந்த பூட்ஸப் பாத்து எனக்கே கூச்சமாப் போச்சு.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“மேல வந்ததும் எல்லாரும் சொல்லிருவாங்க. படி ஏறினா மூச்சு வாங்கும், பொய்ய வெச்சிருக்க நெஞ்சுல எடம் இருக்காது. ஆனா கீழ எறங்குனதும் டொராண்டோன்னு எழுதிட்டுப் போயிருவாங்க.”

“அப்ப ஊரையே ஏமாத்துறீங்களா?”

ஹார்மென் பெண்டுலத்தின் அச்சில் மூன்று சொட்டு விட்டார். நான்காவது சொட்டுக்கு யோசித்தார், வேண்டாம் என்று விட்டார்.

“நாப்பத்தஞ்சுல எனக்கு வயசு பத்தொம்போது. அந்தக் கார்ப்ரல மேல கூட்டிட்டு வந்தவனே நான்தான். ஹேவர்ட்டின்னு பேரு. உன்ன மாதிரிதான், ஒரு எடத்துல நிக்க மாட்டான். இந்தக் கட்டைல உக்காருங்கன்னேன், உக்காரல. தள்ளி முடிச்சதும் சிரிச்சான். ‘தம்பி, ஊர்ல சொல்லிராத, நான் கனடாவே இல்ல, டிட்ராய்ட்’னான். அமெரிக்கா அப்ப சண்டைல எறங்கல. இவனுக்கு இருப்புக் கொள்ளல. ஊரு ஓரத்து ஆத்துக்கு அந்தக் கரைதான் கனடா. நாப்பதுல ஒருநாள் ஆத்தத் தாண்டிப் போய் கனடாப் பட்டாளத்துல சேந்துட்டான்.”

புறா ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

“அவரு சண்டை போட்டாரு” என்றாள் மார்லிஸ். “நான் ஒட்டுப் போட்டுக்கிட்டு சூப் குடிச்சேன்.”

“ஆமா. அதுல ரொம்ப வித்தியாசம் இருக்கு. நான் இல்லேன்னு சொல்லல.”

ஹார்மென் மூடியைத் திருகி மூடினார். குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஆனா கீழ அறுநூறு பேரு நனையுறாங்க. பால்காரனுக்கு மணி தெரியணும். தள்ளுறியா, இல்ல பதினோரு நாள் மாடுங்களையே கேட்டுக்கணுமா? எழுதுறது உன் பாடு. ஹேவர்ட்டி என்ன எழுதினான்னு வேணா போய்ப் பாரு. அவன் பொய் எழுதல.”

மார்லிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து.

“ஐயா, இன்னொண்ணு. என் கடிகாரம் பத்து நிமிசம் ஃபாஸ்ட். ரயிலுக்காக வெச்சது. கொறச்சு வெக்கட்டா?”

“நீ கொண்டு வந்தது அதுதானே?”

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். வெளியே முட்கள் முனகிக்கொண்டு நகர்ந்தன. பிறகு இரண்டு கையாலும் பெண்டுலத்தைப் பிடித்தாள். சில்லென்று, எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கனமாக இருந்தது. தள்ளினாள். போய்விட்டு வந்தது. நிற்குமோ என்று பார்த்தாள். மறுபடி போனது. தலைக்கு மேலே ஏதோ பல் ஏதோ பல்லைக் கடித்து, டொக், என்றது. கீழே அறுநூறு பேர் ஆ என்றார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, கைக்கடிகாரத்தைத் திருப்ப ஆரம்பித்தது. அறுநூறு பேர் ஆளுக்குப் பத்து நிமிட வாழ்க்கையை முணுமுணுப்பில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். தலைகள் நிமிர்வதற்குள் மார்லிஸ் தொண்ணூற்று நான்கு படிகளையும் இறங்கி, பின்கதவு வழியாக வெளியே குதித்து, ரயில் நிலையத்தை நோக்கி ஓடினாள். பை முதுகில் அடித்தது. கொடியும் கூடவே ஓடிவந்தது.

நிலையத்துக்குள் நுழையும்போது அவள் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தெட்டு. நிலையக் கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. பதினான்கு நிமிடம் மிச்சம். ஒரு நடைமேடை, ஒரு பெஞ்சு. பெஞ்சில் ரேஜான்.

“எப்படி இவ்வளவு சீக்கிரம்?” என்றாள் மூச்சு வாங்க.

“நீ ஓடுவேன்னு தெரியும். முன்னாலயே வந்துட்டேன். ரொட்டி வேணுமா? நாலு எடுத்துட்டு வந்தேன். கெபெக்குக்காக.”

அவள் நடைமேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். ஆறாவது சுற்றில் ஊர்க்காரர்கள் நான்கு பேர் ரயிலுக்கு வந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். தண்டவாளத்தைப் பார்த்தார்கள்.

“வந்திருக்கணுமே” என்றார் ஒருவர்.

“என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு?” என்றார் இன்னொருவர்.

எட்டாவது சுற்றில் சைக்கிள் மணி கேட்டது. புயர்ஸ்மா அம்மாள். மழைக்கோட்டுக்குள் குழந்தையைப்போல எதையோ அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டி வந்தார். புத்தகம்.

“நல்ல பொண்ணும்மா நீ! கையெழுத்துப் போடாம ஓடியாந்துட்டியே. ரயில் போயிருக்கும்னு நெஞ்சு பதறிப் போச்சு. நல்லவேளை, லேட்டு.”

“ரயில்வே கடிகாரத்துல இன்னும் நேரம் இருக்கும்மா” என்று ரேஜான் கைகாட்டினான்.

“அது கெடக்கு தம்பி, வருசா வருசம் அதுதான் தப்பா ஓடும்.”

பெரிய புத்தகம். நின்றுகொண்டு எழுத முடியாது. ரேஜான் நகர்ந்து இடம் விட்டான். மார்லிஸ் பெஞ்சைப் பார்த்தாள். பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஐரோப்பாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். புத்தகம் மடியில் கனத்தது. தாண்டிப் போக முடியாதபடி முதல் பக்கம்தான் முதலில் திறந்தது. பதினோரு பெயர்களையும் படித்தாள். வயதுகளையும் படித்தாள். புயர்ஸ்மா அம்மாள் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த பக்கத்தில் முதல் கையெழுத்து. கார்ப்ரல் ஹேவர்ட்டி. கோணல் எழுத்து, நிற்க நேரமில்லாதவன் எழுத்து. ஊர் என்ற இடத்தில் ஒரே வரி: “ஆற்றுக்கு அந்தப் பக்கம்.”

அதற்குக் கீழே பழைய வீரர்களின் ஊர்கள், பெரிதும் சிறிதுமாக. பிறகு சமீபத்து வருடங்கள். டொராண்டோ. டொராண்டோ. வான்கூவர். டொராண்டோ.

மார்லிஸ் பேனாவைப் பிடித்தாள். நடைமேடை முனையில் சமிக்ஞைக் கம்பி ஒரு தடவை அதிர்ந்தது. எங்கோ தூரத்தில் ரயில் கிளம்பிவிட்டது. டொராண்டோ என்று எழுத நான்கு நொடி போதும். ரேஜான் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். அவள் குனிந்து, காலணிக்குச் சாணை பிடிக்கிற கவனத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: மார்லிஸ் ட்வெட், பெமிட்ஜி, மினசோட்டா.

எழுதிவிட்டுத் தலை நிமிராமல் இருந்தாள். ஓடவில்லை. ஓடுகிற கால்கள் இரண்டும் தரையில் ஒட்டி வைத்ததுபோல் இருந்தன.

புயர்ஸ்மா அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உதட்டை அசைத்து இரண்டாம் தடவையும் படித்தார்.

“மினசோட்டா” என்றார். “அது கனடாவுல எந்தப் பக்கம் கண்ணு?”

மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஹார்மெனின் முகத்தைச் செய்த அதே பட்டறையில் செய்த முகம்.

“தெக்கால” என்றாள். “ரொம்பத் தெக்கால.”

“அங்கயும் அதே குளிர்தானா?”

“அதே குளிர்தாம்மா.”

“அப்ப சரி” என்று அம்மாள் மசியை ஊதினார். புத்தகத்தை மூடி மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். ரேஜானுக்கு ரொட்டி புரையேறிவிட்டது. அவன் முதுகில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். “மெதுவாத் தின்னு தம்பி. உங்க நாட்டுல ரொட்டியே கெடைக்காதா?”

ரயில் சரியாக மூன்று ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அதாவது, வெல்டர்ஹோக் ஊர்ப்படி பத்து நிமிடம் தாமதமாக வந்தது. புயர்ஸ்மா அம்மாள் ரயில் கார்டைப் பிடித்து நன்றாக நான்கு வார்த்தை கேட்டார். கார்டு தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அம்மாள் கோபுரத்தைக் காட்டினார். கோபுரம்தான் உயரமாக இருந்தது. கார்டு மன்னிப்புக் கேட்டார்.

அந்த வருடம் முழுக்க வெல்டர்ஹோக்குக்கு வந்த எல்லா ரயிலும் பத்து நிமிடம் தாமதம். ஊர் மக்கள் கையெழுத்திட்டு ரயில்வேக்கு ஏழு மனு போட்டார்கள். ஏழாவது மனுவுக்கு வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குச் சட்டம் போட்டு ரொட்டிக்கடையில் மாட்டினார்கள்.

ஆனால் அது பிற்பாடு. அன்றைக்கு மார்லிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோட்டின் உள்பக்கத் தாளைப் பார்த்தாள். அதன்படி இந்நேரம் அவள் டென்மார்க்கை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே ரேஜான் அவள் பையின் கொடியைச் சுட்டிக் காட்டி ஒரு சின்னக் கத்தரிக்கோலை நீட்டினான். அவள் வாங்கினாள். முதல் தையலை வெட்டினாள், இரண்டாவதை வெட்டினாள். மூன்றாவதில் நிறுத்தி, வெளியே பார்த்தாள். கோபுரம் இன்னும் தெரிந்தது. நாலு ஏழு என்றது.

“என்னாச்சு?” என்றான்.

“மீதிய அடுத்த ஸ்டேஷன்ல வெட்டிக்கிறேன்” என்றாள். எழுந்து பையை மாட்டினாள். “கால் மரத்துப் போச்சு.”

“ஏய், இந்த ரயிலும் நடுவுல பிரியும்! கேட்டுட்டுப் போ!”

அவள் அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போயிருந்தாள். பாதி அறுந்த கொடி ஒரு பக்கமாகத் தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் பையில் தட்டிக்கொண்டு போயிற்று.